வாய் மூடாத கொழுக்கட்டை

அந்தக் காலத்தில், மீனுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, சீன தேசத்தில் ஒரு பெரிய ஆற்றங்கரையில் ஒரு நகரம் இருந்தது. ஆறு ஊரைவிட உயரத்தில் ஓடும். மண்ணால் எழுப்பிய கரைதான் ஊருக்குக் காவல். அங்கே ஆவியில் அவிக்கும் மீன் கொழுக்கட்டைக்குத் தனிப் பேர். அதில் ஹுய்லான் என்பவளை மிஞ்ச ஆள் கிடையாது.

பேசுகிற மீனை அறுப்பது லேசான காரியமா? கத்தியைக் கண்டதும் ஒன்று பிள்ளை குட்டியைச் சொல்லி அழும், இன்னொன்று முத்து எடுத்துத் தருகிறேன் என்று ஆசை காட்டும். கேட்டுக்கொண்டிருந்தால் அடுப்பு எரியாது. அதனால் மீன் வாயெடுப்பதற்குள் ஓர் உருண்டை மாவை அதன் வாயில் அடைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். ஹுய்லானுக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது. பாவம் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் ஆறு கரை விளிம்புவரை ஏறிவிட்டது. ஆண்கள் எல்லாம் கரையில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஹுய்லானின் புருஷன் போலினும் அங்கேதான் நின்றான். அவர்கள் பசியாற அவள் கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தாள். படகுக்கார லூ ஒரு கிழட்டுக் கெண்டை மீனைக் கூடையோடு வைத்துவிட்டு அவசரமாகப் போனான்.

பலகையில் போட்டதும் கெண்டை பேசியது.

"அம்மா, உன் புருஷன் நிக்கிற இடத்துல..."

"ஆரம்பிச்சிட்டியா? என் புருஷனைச் சொன்னா விட்டுடுவேன்னு உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று ஹுய்லான் மாவை அடைத்தாள்.

மீன் தலையை உதறித் துப்பியது. "உயிருக்காகக் கேக்கலம்மா. கரைக்கு அடியில..."

அவள் இன்னும் பெரிய உருண்டையாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கத்தி இறங்கியது.

முதல் தட்டு வேகுமுன் கரை உடைந்தது. போலின் நின்ற இடத்தில்தான் அடிமண்ணைத் தண்ணீர் அரித்துப் பொந்தாக்கியிருந்தது. அவனையும் கூட நின்றவர்களையும் ஆறு கொண்டுபோயிற்று. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். ஆற்றிலிருந்தே சேதி வந்தும் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

வெள்ளம் வடிந்த பின் லூ வந்து தலைகுனிந்து நின்றான். "அக்கா, அது நான் வலை போட்டுப் பிடிச்ச மீன் இல்ல. தானாத் துள்ளி என் படகுல விழுந்துச்சு."

ஹுய்லான் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "என் வீடு தேடி வந்துச்சே! சொல்ல வந்த வாயை இந்தக் கையாலதானே அடைச்சேன்!"

ஆற்றுப்படிக்கு ஓடிப்போய் மீன்களிடம் மன்னிப்புக் கேட்டாள். அவை வாயைத் திறந்தன, மூடின. ஒரு சத்தமும் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த மீனும் எந்த மனிதரிடமும் பேசவில்லை.

இறந்தவர்களுக்குப் படைக்க ஊரார் அவளிடமே கொழுக்கட்டை கேட்டார்கள். மீனைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. காளானும் அரிசியும் வைத்து மாவை மடித்தாள். உச்சியைக் கிள்ளி மூடப்போன விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"மூடலையாக்கா? தண்ணி உள்ள இறங்கிடுமே" என்றான் லூ.

"இறங்கட்டும் தம்பி. இனி இந்தக் கை ஒரு வாயையும் அடைக்காது."

அன்று முதல்தான் அந்த ஊரில் கொழுக்கட்டையை வாய் திறந்தபடியே அவிக்கிறார்கள்.