சிறியேன் வந்திருக்கிறேன்

ஒரு விடுகதை போடுகிறேன். புலவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் பணிவு. அதையே அடுத்தவர் அவரைப் பற்றிச் சொன்னால் அடிதடி. அது என்ன?

'சிறியவன்' என்ற சொல்தான். 'சிறியேன்', 'எளியேன்' என்று தங்களைத் தாழ்த்திக்கொண்டு பாட்டைத் தொடங்குவது நம் புலவர்களின் வழக்கம். பாட்டு எவ்வளவு நீளமோ, புலவர் அவ்வளவு குட்டையாகிவிடுவார்.

மாசிலாமணிப் புலவர் வாட்டசாட்டமானவர். ஒரு வேளைக்கு அரைப்படி அரிசிச் சோறு வேண்டும். மடத்தனத்துக்குப் பேர்போன ஓணாங்குளம் ஊரார் அவரை விருந்துக்கு அழைத்தபோது, "எறும்பினும் சிறியேன், துரும்பினும் மெலியேன், வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்று பதில் எழுதினார்.

ஊர்த்தலைவர் கொம்பையா அதைப் படித்துக் காட்டினார். ஊர் கவலையில் ஆழ்ந்தது.

"துரும்பைவிட மெலிசாம். காற்றடித்தால் போய்விடுவாரே" என்றான் சங்கிலி.

"காற்று கிடக்கட்டும். கோழி?" என்றார் கொம்பையா.

உடனே கோழிகளைக் கூடைக்குள் அடைத்தார்கள். தெருப் பெருக்குவதை நிறுத்தினார்கள். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் பந்தலாக்கி, அதனடியில் ஒரு வேப்பிலை விரித்து, ஒரு பருக்கை சோறும் ஒரு துளி நெய்யும் வைத்தார்கள். ஊருக்கு அண்டா அண்டாவாகச் சமையல். ஆனால் புலவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர் கை நனைக்கலாம்.

விருந்தாயிற்றே என்று புலவர் காலையில் வேண்டுமென்றே பட்டினி கிடந்து, நான்கு மைல் நடந்து வந்தார். எல்லையில் ஊரே குனிந்து நின்றது. 'மடையர்களுக்குக்கூட மரியாதை தெரிந்திருக்கிறது' என்று நினைத்துக்கொண்டார்.

"ஓய், பார்த்துக் கால் வையும். புலவர் வருகிற வழி" என்றான் சங்கிலி, தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சிறியேன்தான் அந்தப் புலவர்."

எல்லோரும் நிமிர்ந்து அவருடைய தொந்தியைப் பார்த்தார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சாம்பார் வாசனை வந்தது. நாற்பது வருடப் பணிவைப் புலவர் உதறினார். "நான் பெரிய புலவன். எனக்குச் சமமாக இந்தச் சீமையில் ஆளில்லை. இலையைப் போடுங்கள்."

"பார்த்தீர்களா, ஆள் வேறு" என்றார் கொம்பையா. "அவர் எவ்வளவு அடக்கமாக எழுதியிருந்தார்."

அந்நேரம் கொட்டாங்குச்சிப் பந்தலுக்குக் காவல் இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். புலவர் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். ஓடிப் போய்ப் பார்த்தால், நெய்யருகே ஓர் எறும்பு.

"எறும்பைவிடச் சின்னவர் என்றல்லவா எழுதினார்? இவர் எறும்பளவு இருக்கிறாரே" என்று சங்கிலி சந்தேகப்பட்டான்.

"நடந்து வந்த களைப்பில் உடம்பு கொஞ்சம் வீங்கியிருக்கும்" என்றார் கொம்பையா.

"அறிவுகெட்டவர்களே, எறும்பு பாட்டு எழுதுமா?" என்றார் புலவர்.

அதற்கும் பதில் வைத்திருந்தார் கொம்பையா. "சாப்பிடும்போது எழுதச் சொல்வது மரியாதையில்லை."

வழக்கு முற்றியது. பொய் சொல்லத் தெரியாத வாய் ஒன்று தீர்க்கட்டும் என்று, கொம்பையா தம் ஐந்து வயது மகள் செவந்தியை அழைத்தார். அவள் கை காட்டுபவருக்கு விருந்து; மற்றவர் ஊரைவிட்டுப் போகவேண்டும்.

புலவர் தம்மால் முடிந்தவரை வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

செவந்தி இருவரையும் பார்த்தாள். "இவர்தான் சின்னவர்" என்று எறும்பைக் காட்டினாள்.