முதல் மொட்டை போட்ட ஊர்

ஜமீன்தார் ரணசிங்கத்திடம் இரண்டு வம்ச ஓலைகள் இருந்தன. முப்பாட்டன் சோழர் படையோடு வந்தார் என்றது ஒன்று; விஜயநகரத்திலிருந்து யானைமேல் வந்தார் என்றது மற்றொன்று.

சவரம் செய்யவந்த மாசானத்திடம், "எதுடா நிஜம்? எந்த ஓலையைப் பொய்யென்றாலும் ஊரைவிட்டே துரத்திடுவேன்!" என்று உறுமினார்.

"சின்ன எசமானுக்கு முதல் மொட்டை எங்கே போட்டோம்?"

"உப்பளத்தூர் சுடலை கோயில்ல."

"உங்களுக்கு?"

"அங்கேதான்."

"உங்க அப்பாவுக்கு?"

"அங்கேதான்டா!"

மாசானம் கத்தியை எடுத்தான். "ஓலை ரெண்டும் பத்திரமா இருக்கட்டும் எசமான். எங்கே பிழைக்கப் போனாலும் பிள்ளையோட முதல் முடி சொந்த ஊர்க் குலசாமிக்குத்தானே? உப்பு அள்ளுற ஊர்லதான் மூணு தலைமுறையா உங்க தலை குனிஞ்சிருக்கு!"

உள்ளேயிருந்து ஜமீன்தாரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்தில் கத்தி இருந்ததால் ஜமீன்தாரும் சிரித்துவைத்தார்.