கயிறும் கொட்டாங்கச்சியும்

ஓடத்தம்மைக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. கூரை போட்ட ஒரு படகுதான் அவருக்கு வீடு, மடம், அடுப்படி எல்லாம். வெயில் காலத்தில் ஆற்றின் மேலே போவார். மழை பிறந்ததும் கீழே இறங்குவார்.

அவருக்கு இரண்டே சீடர்கள். ஒருவர் மாசிலாமணி வைத்தியர். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். மருந்துப் பெட்டியை மகனிடம் கொடுத்துவிட்டுப் படகேறி ஏழு வருடம் ஆகிறது. இன்னொருவன் கச்சியப்பன். செக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன், வந்து மூன்றே மாதம்.

அந்த மூன்று மாதமாகத்தான் வைத்தியருக்குச் சோறு செரிக்கவில்லை.

புயல் காலத்தில் படகு கரையோர மரத்தில் கட்டிக் கிடக்கும். மரத்திலிருந்து வரும் வடக்கயிறு, படகின் முகப்பில் உள்ள முளையில் சுற்றியிருக்கும். ஆற்றில் தண்ணீர் ஏற ஏற, அங்கே ஒருவர் உட்கார்ந்து கயிற்றைச் சாண் சாணாக இளக்க வேண்டும். இளக்காவிட்டால் படகு மேலே எழும்ப முடியாமல் முகப்பு தண்ணீருக்குள் இழுபடும். அதிகம் விட்டால் படகு வெள்ளத்தோடு போய்விடும். இன்னொருவர் நடுப்பலகையை எடுத்துவிட்டு அடியில் குனிந்து உட்கார்ந்து, கசிந்து சேருகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் இறைக்க வேண்டும்.

ஏழு வருடமும் கயிறு வைத்தியர் கையில்தான் இருந்தது. இறைத்தவர் அம்மை. குரு குனிந்து இறைக்க, தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது வைத்தியருக்கு முதல் வருடம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு பெருமையாகவே ஆகிவிட்டது. கீழேயிருந்து அம்மை அவ்வப்போது, "ஒரு சாண் விடுங்க" என்று குரல் கொடுப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று வைத்தியர் ஒரு சாண் விடுவார்.

இந்த ஐப்பசியில் முதல் மேகம் கறுத்ததும் அம்மை கயிற்றைக் கச்சியப்பன் கையில் கொடுத்தார். கொட்டாங்கச்சியை எடுத்து வைத்தியரிடம் நீட்டினார்.

"இனிமே நீங்க இதைப் பாருங்க."

வைத்தியர் அதை வாங்கிக்கொண்டார். நாற்பது ஊருக்கு நாடி பார்த்த கையில் கொட்டாங்கச்சி. மாட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி நடந்தவன் கையில் கயிறு. அதிலிருந்து அவருக்கு எல்லாமே முன்னைவிடக் கூடுதலாகக் கண்ணில் பட்டது. கச்சியப்பன் கஞ்சியில் உப்பு கூடுதலாகப் போட்டாலும் அம்மை சிரிக்கிறார். அவன் தும்மினால் காய்ந்த துணி போகிறது. தான் இரண்டு நாளாக இருமுவது யார் காதிலும் விழவில்லை. சும்மாவும் கொஞ்சம் சேர்த்து இருமிப் பார்த்தார்.

மறுநாள் அடுப்படியில் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"என் கையில என்ன குறை கண்டீங்க?"

"குறையா?"

"ஏழு வருஷத்துல ஒரு நாள் முகப்பு முங்கினதில்ல. ஒரு நாள் படகு அவுத்துக்கிட்டுப் போனதில்ல."

"ஆமா."

"அப்புறம் கயிறு ஏன் அவனுக்கு?"

அம்மை கஞ்சியைத் துழாவினார்.

"மழை விடட்டும், சொல்றேன்."

மழை விடுவதாக இல்லை. மூன்றாம் நாள் காலையில் காற்றும் சேர்ந்துகொண்டது. மேலே எங்கோ ஏரி உடைந்திருக்க வேண்டும். செந்தண்ணீர் முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. அம்மை பின்பக்கம் நின்று, படகின் மேல் வந்து மோதப் பார்க்கும் கட்டைகளைக் கழியால் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறெதையும் பார்க்க நேரமில்லை.

வைத்தியர் அடியில் உட்கார்ந்து இறைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தார். காலடியில் தேங்கிய தண்ணீர் காலடியில் நிற்கவில்லை. முகப்புப் பக்கமாக நகர்ந்தது. முதலில் கையை நீட்டினால் எட்டியது. அப்புறம் உடம்பையே நீட்ட வேண்டியிருந்தது.

அவருக்குச் சட்டென்று புரிந்தது. முகப்பு தாழ்கிறது. கயிறு போதவில்லை.

மேலே கச்சியப்பன் கண்ணில் மழை அடிக்க உட்கார்ந்திருந்தான். வெள்ளத்தின் இழுப்பில் கயிறு எந்நேரமும் விறைப்பாகவே இருந்தது. தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை.

"வைத்தியரய்யா, கயிறு விடணுமா? எனக்கு ஒண்ணும் பிடிபடலய்யா."

"கயிறு உங்கிட்டதானே இருக்கு? எங்கிட்ட எதுக்குக் கேக்கற?"

அவன் மறுபடி கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். வைத்தியர் தான் பார்த்ததைச் சொல்லவில்லை. முகப்பு ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும், அம்மை ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும், அப்புறம் எழுந்துபோய் நானே இளக்கிவிடுகிறேன் என்று நினைத்தார். அதை நினைக்க இதமாகக்கூட இருந்தது. கொட்டாங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முகப்பு ஒரு வாயோடு நிற்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் பலகைக்கு மேல் ஏறி உள்ளே வந்தது. வைத்தியர் பாய்ந்து ஓடினார். ஈரத்தில் ஊறிய கயிறு முளையில் இறுகிக்கொண்டு அசையவே இல்லை. கச்சியப்பன் வெறும் கையால் பிடித்து இழுத்தான். கயிறு ஒரு முழம் வழுக்கி, அவன் இரண்டு உள்ளங்கைத் தோலையும் உரித்துக்கொண்டு மறுபடி இறுகியது. அம்மை அரிவாளோடு வந்து ஒரே வெட்டில் அறுத்தார்.

படகு சுழன்று சுழன்று போய், இரண்டு வளைவு தாண்டி ஒரு மூங்கில் புதரில் செருகி நின்றது. அடுப்பு போய்விட்டது, அரிசிப் பானை போய்விட்டது. மூன்று பேரும் இருந்தார்கள்.

மூன்று பேருமாக உள்ளே இருந்த ஆற்றை வெளியே இறைத்தார்கள். மிஞ்சிய கயிற்றைக் கரையில் நின்ற ஒரு மருத மரத்தில் கட்டினார்கள். வைத்தியர் கச்சியப்பனின் கைகளைக் கழுவி, துணி கிழித்துக் கட்டினார்.

"என் தப்புதாம்மா" என்றான் கச்சியப்பன். "நான்தான் கவனிக்கல."

மூன்று மாதமாக வைத்தியர் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்டபோது அவருக்குத் தலை தொங்கிப்போனது.

"அவன் தப்பு இல்லம்மா" என்றார். "தண்ணி முன்பக்கம் ஓடினதை நான் பார்த்தேன். பார்த்துட்டுச் சொல்லல."

அம்மை தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டிருந்தார்.

"ம்."

"பொறாமைம்மா. வேற ஒண்ணும் இல்ல. விடிஞ்சதும் என்னைக் கரையில இறக்கி விட்டுடுங்க."

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அம்மை வானத்தைப் பார்த்தார்.

"மழை விட்டிருச்சு. நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லணுமே."

"வேணாம்மா."

"ஏழு வருஷம் நீங்க கயிறு பிடிச்சீங்க. நான் கீழ என்ன பண்ணேன்?"

"தண்ணி இறைச்சீங்க."

"அவ்வளவுதானா?"

வைத்தியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு சாண் விடுங்க என்ற குரல் நினைவுக்கு வந்தது. ஏழு ஐப்பசி, ஏழு கார்த்திகை, எத்தனை நூறு சாண். ஒரு தடவைகூடக் கயிற்றைத் தொட்டுத் தானாக அறிந்து விட்டதில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. கொட்டாங்கச்சியை நீட்டியபோது அம்மை தன் இடத்தைத்தான் எடுத்து அவருக்குக் கொடுத்திருந்தார்.



மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மூங்கில்கள் சாய ஆரம்பித்தன. தண்ணீர் ஏறும் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. கச்சியப்பன் துணி சுற்றிய கைகளோடு முகப்புக்குப் போக எழுந்தான். அம்மை அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

அடியில் மறுபடி கசிந்த தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த கொட்டாங்கச்சியை எடுத்து வைத்தியர் முன்னால் வைத்தார். பிறகு தானே முகப்பில் போய் உட்கார்ந்து, கயிற்றைக் கையில் எடுத்தார்.

"அவன் கை ஆற நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் கயிறு நான் பிடிக்கிறேன். இங்கேருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது, வைத்தியரே. நீங்க சொன்னாத்தான் விடுவேன்."