இமைக்குள் தேடிய சாவி

ஊமத்தம்பட்டிக்காரர்கள் அறிவைச் சிக்கனமாகச் செலவழிப்பவர்கள். பலர் தங்கள் பங்கை இன்னும் தொடவே இல்லை.

அந்த ஊர்க் கொப்பையாவின் இளைய மகளுக்குக் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் சாப்பாடு போட வேண்டும். அரிசியும் அண்டாக்களும் சாமான் அறைக்குள் இருந்தன. அறை பூட்டியிருந்தது. சாவியை எங்கே வைத்தோம் என்பது கொப்பையாவுக்கு மறந்துபோனது.

"சோறு இல்லேன்னா வந்தவங்க கோவிச்சுக்கிட்டுத் திரும்பிடுவாங்களே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

பூட்டை உடைக்கலாமா என்று மச்சினன் சடையன் கேட்டான். கொப்பையாவின் தம்பி ஆண்டியப்பன் சற்று யோசித்தார்.

"உடைச்சிடலாம். அப்புறம் சாவி கிடைச்சா அதை வச்சு எதைத் திறக்கிறது?"

பூட்டை உடைக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

அந்த வழியாக வந்த நர்சம்மா விஷயத்தைக் கேட்டார். கல்யாண வேலையில் கொப்பையா பல நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது.

"தூக்கம் கெட்டா ஞாபகம் எப்படி நிக்கும் அண்ணாச்சி? தூங்கும்போதுதான் மூளை எல்லாத்தையும் எடுத்து அடுக்கி வைக்குது."

பொறுமையாக விளக்கவும் செய்தார். முதலில் இலேசான கண்ணயர்வு, கூப்பிட்டால் கலைந்துவிடும். அடுத்து அசைத்தாலும் எழாத ஆழ்ந்த தூக்கம். உடம்பு அப்போதுதான் தேறும். பிறகு கனவுத் தூக்கம். மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் ஓடும். பெரியவர்களுக்கு ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதல். வயதானவர்களுக்கு விட்டுவிட்டு வரும். கைக்குழந்தைதான் நாளில் பாதிக்கு மேல் தூங்கும். அதிலும் கனவுத் தூக்கம் அதிகம். இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்கு ஊசி போடப் போனார்.

"கண்ணு ஏன் ஓடுது?" என்றார் ஆண்டியப்பன். "தேடுறதாலதான்."

கொப்பையாவைப் பாயில் படுக்க வைத்தார்கள். சடையன் பக்கத்தில் உட்கார்ந்து, "தூங்கிட்டீங்களா மச்சான்?" என்று அடிக்கடி விசாரித்தான். ஒவ்வொரு தடவையும் கொப்பையா கண்ணைத் திறந்து, தூங்கிவிட்டதாகச் சொன்னார். முதல் நிலை நன்றாக நடப்பதில் எல்லாருக்கும் திருப்தி.

சடையனுக்குத் தொண்டை வறண்ட பிறகு கொப்பையா குறட்டை விட்டார். அதற்கும் வெகுநேரம் கழித்து இமைகள் துடித்தன. கண்கள் இடப்பக்கம் போயின. ஆண்டியப்பன் இடப்பக்கம் இருந்த தொழுவத்துக்கு ஓடி சாணியைக் கிளறினார். கண்கள் வலப்பக்கம் போயின. சடையன் வைக்கோல் படப்பைப் பிரித்துப் போட்டான். கண்கள் மறுபடி இடம், மறுபடி வலம். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"பாவம், இமைக்குள்ள ஒரே இருட்டா இருக்கும்" என்று சொல்லி ஆண்டியப்பன் ஒரு விளக்கைக் கொளுத்தி அண்ணன் முகத்தருகே பிடித்தார். கொப்பையா அலறிக்கொண்டு எழுந்தார். மீசையில் ஒரு பக்கம் போயிருந்தது.

"சாவியைப் பார்த்தியா அண்ணே?"

"சம்பந்தி வீட்டார் பசியோட திரும்பிப் போனாங்கடா. அவங்க பின்னாடியே ஓடினேன். எங்கே தேட?"

மறுபடி கூடிப் பேசினார்கள். பெரியவர்கள் தூங்குவது கொஞ்ச நேரம். அதற்குள் எவ்வளவுதான் தேட முடியும்? வயதான ஆளைப் படுக்க வைத்தால் விட்டுவிட்டுத்தான் தேடுவார். ஆகவே, கொப்பையாவின் மூத்த மகள் பெற்ற ஐந்து மாதக் குழந்தையே தகுந்த ஆள் என்று முடிவாயிற்று.

தாய் கோயிலுக்குப் போயிருந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கியது. காலையில் அது தூக்கத்தில் பயந்துவிடாமல் இருக்க, கொப்பையாதான் தலைமாட்டில் இரும்பு ஏதாவது வைக்க நினைத்து, கையிலிருந்ததை வைத்திருந்தார். கையிலிருந்தது சாவி.

எட்டிப் பார்த்த சடையன், சாவி அங்கேயே கிடப்பதாகச் சொல்லிக் கையை நீட்டினான். ஆண்டியப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணைப் பாரு, இன்னும் தேடிட்டிருக்கான். நீ எடுத்துட்டா அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

நியாயம்தான் என்று மூவரும் தொட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். கொப்பையா நடந்ததைச் சொன்னார். சம்பந்தியின் முகம் இறுகியது.

"ஒரு கைக்குழந்தை தலையிலயா இவ்வளவு பெரிய வேலையைக் கட்டுறது? நாங்க இத்தனை பேர் எதுக்கு வந்திருக்கோம்?"

துண்டை உதறி விரித்து அவர் முதல் ஆளாகப் படுத்தார். அவர் பின்னால் மாப்பிள்ளை, மேளக்காரர்கள், வண்டிக்காரர்கள், கடைசியாகக் கொப்பையாவும் மற்ற இருவரும். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க இமைகள் துடித்தன.

அப்போது குழந்தை விழித்தது. சாவியை எடுத்து, தலையை ஆட்டி ஆட்டிச் சப்பியது. எல்லாரும் தேடிக்கொண்டிருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை.