உப்புப் பொங்கலும் ஊர்க்குடமும்

முன்னொரு காலத்தில் காவிமலை நாட்டைப் பராக்கிரம வழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். மனசு கெட்டவன் இல்லை. யாராவது புகழ்ந்தால் மட்டும் போதும், புத்தி பறந்துவிடும்.

அந்த நாட்டில் வேலங்குளம் என்றொரு ஊர். வருஷம் பிறந்தால் ஊரார் கூடி, துணி கட்டிய குடத்தில் ஆளுக்கொரு பேர் எழுதிய ஓலை போட்டு, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ராஜாவின் அதிகாரி காடவராயர் ஒரு தடவை தன் மைத்துனனைத் தலைவனாக்கினார். அப்புறம் அவனை இறக்க மனம் வரவில்லை. முதல் வருஷம், “வெள்ளம் வந்திருக்கிறது, குடம் அடுத்த வருஷம்” என்றார். மறு வருஷம் எல்லையில் சண்டை என்றார். மூன்றாம் வருஷம், “ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், குடம் எதற்கு?” என்று குடத்தின் வாய்க்கு அரக்கு முத்திரையே வைத்துவிட்டார். ஏரிக்கரையில் விரிசல் பெரிதாகிக்கொண்டே போனது. கேட்டவன் சிறைக்குப் போனான்.

அந்த ஊர்க்காரி செங்கமலத்தின் வயல் கரைக்கு நேர் கீழே இருந்தது. மழைக்கு ஒரு மாதம்தான். கரை உடைந்தால் வயலோடு தெருவே போகும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அரண்மனைக்கே போய்விட்டாள்.

அன்று ராஜாவுக்குச் சமையல் ஆசை பிடித்திருந்தது. தானே சர்க்கரைப் பொங்கல் வைத்து, கற்கண்டு என்று நினைத்துக் கல்லுப்பை அள்ளிப் போட்டுவிட்டான். ஏகாதசி விரதம், வாயில் வைத்தும் பார்க்கவில்லை. சபையில் இருபத்துநான்கு பேரும் தின்றார்கள்.

“அமிர்தம், மகாராஜா! இன்னொரு கிண்ணம்!” என்றார் காடவராயர். அது மூன்றாவது.

செங்கமலம் தன் வழக்கைச் சொன்னாள். காடவராயர் சிரித்தார். “ஊரில் யாருமே குறை சொல்லவில்லை, மகாராஜா.”

ராஜா அவளுக்கும் ஒரு கவளம் தரச் சொன்னான். வாயில் வைத்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள். சங்கதி விளங்கிவிட்டது.

“ராசா, பொங்கல் எப்படின்னு இந்தக் குடத்தைக் கேளுங்க. ஆளுக்கொரு மாவிலை, ஒரு வேப்பிலை கொடுக்கச் சொல்லுங்க. நல்லா இருந்தா மாவிலை, இல்லேன்னா வேப்பிலை. துணிக்கடியில கையை விட்டுப் போடட்டும். மிச்ச இலையை மடியிலயே வச்சுக்கட்டும்.”

“ஒரே ஒரு மாவிலை விழுந்தாலும் உன் ஊருக்கு இனி குடமே கிடையாது. உனக்குச் சிறை. சம்மதமா?” என்று கேட்டான் ராஜா.

அவள் குடத்தை ராஜாவின் முன்னால் இறக்கி வைத்தாள். “சம்மதம் ராசா” என்றாள். ராஜா முத்திரையை உடைக்கச் சொன்னான்.

இருபத்துநான்கு கைகள் துணிக்கடியில் போய் வந்தன. எல்லார் முன்னாலும் குடத்தைக் கவிழ்த்தாள். இருபத்துநான்கும் வேப்பிலை! மாவிலை மருந்துக்குக்கூட இல்லை.

ராஜா ஒரு பருக்கையை வாயில் போட்டான். விரதமாவது ஒன்றாவது, தூ தூ என்று துப்பினான்.

“காடவராயரே, மூன்று கிண்ணம் அமிர்தம் சாப்பிட்டீர். உம்முடைய மாவிலை எங்கே?”

காடவராயர் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சபையே குலுங்கியது. ராஜாவும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“உப்பைச் சொல்லவே இத்தனை பேருக்குப் பயம். ஏரி உடைந்தால் எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?”

அன்றே சிறைக்கதவு திறந்தது. காடவராயரும் மைத்துனனும் கூடை பிடித்து ஏரிக்கரைக்கு மண் சுமக்க வேண்டும் என்று உத்தரவானது. மத்தியானச் சாப்பாடு, மிஞ்சிய அமிர்தம்.

“உனக்கு என்ன வேண்டும், அம்மா?” என்று ராஜா செங்கமலத்தைக் கேட்டான்.

“குடத்துக்கு இனிமே யாரும் முத்திரை வைக்கக் கூடாது ராசா.”

“நானுமா?”

என்ன நெஞ்சு அவளுக்கு!

“நீங்களுந்தான்.”

ராஜா விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி, தரையில் கிடந்த வேப்பிலைகளின் மேல் வைத்தான்.

அந்த வருஷம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கரை நின்றது. ஊரார் வருஷாவருஷம் ஓலை போட்டு நன்றாக இருந்தார்கள். நாமும் பொங்கலில் உப்பென்றால் உப்பென்றே சொல்லி நன்றாக இருப்போம்.