கழுவெளியில் வீண் காற்று

பிடுங்கிய மூங்கில் கழியைத் தோளில் சாத்திக்கொண்டு பெரியநாச்சி அரசவைக்குள் நடந்தாள். கழியின் அடியில் ஒட்டியிருந்த சேறு வழவழப்பான தரையில் சொட்டிக்கொண்டே வந்தது. பின்னால் ஓடிவந்த காவலர்களுக்கு அவளைத் தொடத் தைரியம் வரவில்லை.

“இது உங்க சாமான்தானே, அதிகாரி ஐயா? எங்க வாய்க்கால் நடுவுல வழி தெரியாம நின்னுச்சு. கூட்டிட்டு வந்துட்டேன்.”

மராமத்து அதிகாரி அனந்தகீர்த்தி குதித்து எழுந்தான். “அரசே, அளவுக் கழியைப் பிடுங்குவது ராஜத் துரோகம்!”

உத்தமகண்டன் சிரித்துவிட்டான். நெய்தல்மங்கலத்தை அந்தக் காலத்தில் ஆண்ட இந்த ராஜா அப்படித்தான். காலையில் எதற்குச் சிரிப்பானோ அதற்கே மாலையில் தலையை வாங்குவான். பக்கத்து நாட்டு ராஜா காற்றாலை கட்டி, காற்றைக்கொண்டே தண்ணீர் இறைக்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. தனக்கும் வேண்டும், அதைவிட உயரமாக வேண்டும். அதற்கு இடமாகக் கழுவெளியைக் காட்டியவன் அனந்தகீர்த்தி. அரசனை வேறு யாராவது சிரிக்க வைத்தால் அவனுக்கு வயிறு எரியும். இப்போதும் எரிந்தது.

கழுவெளி என்பது கடல்நீரும் மழைநீரும் கலந்து நிற்கும் பெரிய சதுப்பு. அதன் திட்டுகளில் வாழ்ந்தவர்கள் மீன் பிடித்தார்கள், கோரை அறுத்துப் பாய் நெய்தார்கள், யாருக்கும் குனிந்ததில்லை. அவர்களுக்குத் தலைவி பெரியநாச்சி.

“ஆலை வந்தால் உனக்கு என்ன நஷ்டம்?” என்றான் அரசன்.

“தூண் நட வண்டி வரணும் ராசா. வண்டி வர மண்ணைக் கொட்டி மேடு போடணும். மேடு போட்டா கடல் தண்ணி ஒரு பக்கம், மழைத் தண்ணி ஒரு பக்கம். அப்புறம் மீனும் இல்லை, கோரையும் இல்லை, நாங்களும் இல்லை.”

“கொக்கும் நாரையும் இருக்கிற காட்டில் காற்று வீணாகத்தானே போகிறது?” என்றான் அனந்தகீர்த்தி. “அரசே, என் ஆலைகள் நின்றால் ஒரு மூச்சுக் காற்றுகூட அவற்றைத் தாண்டாது. அத்தனையும் தங்கள் சேவகத்துக்கு!”

“ஒரு மூச்சுகூடவா?”

“ஒரு மூச்சுகூட.”

பெரியநாச்சி கழியைக் கீழே வைத்தாள். “ராசா, எங்க ஊர்ல விருந்தாளியைக் காத்துமுகத்துல உக்கார வைப்போம். அதுதான் எங்க சிம்மாசனம். ஆலை வந்துட்டா அந்த இடம் எங்ககிட்ட இருக்காது. அதனால ஒரு சாயங்காலம் வாங்க. ஆலை வந்த பிறகு நாங்க எந்த இடத்தைக் கொடுக்க முடியுமோ அதுல உக்காருங்க. எழுந்த பிறகும் ஆலை வரட்டும்னு சொல்லிட்டீங்கன்னா முதல் தூணை நானே பிடிச்சு நிறுத்துறேன்.”

அரசனுக்குப் பந்தயம் என்றால் உயிர். “வருகிறேன்” என்றான்.

கழுவெளித் திட்டில் அவர்கள் கோரைப் பாய்களை ஆள் உயரத்துக்குமேல் நாலு பக்கமும் காற்று நுழையாதபடி கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே பட்டு விரித்த பலகை. அரசன் உட்கார்ந்தான். அனந்தகீர்த்தி பக்கத்தில் கைகூப்பி நின்றான். வெயில் இறங்கியது. புழுக்கம் ஏறியது. பிறகு கொசு வந்தது.

நெய்தல்மங்கலத்து அவையில் ஒரு விதி உண்டு. அரசன் முன்னால் யாரும் கையை ஓங்கக் கூடாது. அனந்தகீர்த்தியின் மூக்கில் ஒன்று, காதில் இரண்டு, நெற்றியில் கூட்டமாக உட்கார்ந்தன. கூப்பிய கை கூப்பியபடி இருக்க, அவன் மூக்கை மட்டும் சுளித்துப் பார்த்தான். அரசன் கன்னத்தில் ஒரு கொசு நிதானமாகப் பருத்துக்கொண்டிருந்தது. அரசனை யார் அடிப்பது?

“சாமரம்!” என்று கத்தினான் அரசன்.

“வீசக் கூடாது ராசா. அது அதிகாரி ஐயா பிடிச்சுட்டுப் போன காத்து.”

அரசன் தன் கன்னத்தில் தானே ஓங்கி ஓர் அறை விட்டான். பிறகு எழுந்து பாயைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். திட்டின் நுனியில் கடற்காற்று அவன் மேலாடையை இழுத்தது. ஒரு கொசு இல்லை. பெரியநாச்சி அங்கே ஒரு பாயை விரித்தாள்.

வீங்கிய முகத்தோடு அனந்தகீர்த்தி பின்னால் வந்தான். “அரசே, உண்மையில் அவ்வளவு காற்றையும் ஆலை பிடிக்காது. பெரும்பகுதி தாண்டிப் போய்விடும்...”

“அவையில் ஒரு மூச்சுகூட என்றாயே?”

“அது ஒரு பேச்சுக்கு...”

“காத்தைப் பிடிச்சா நாங்க கொசுவுக்கு. பிடிக்கலைன்னா ராசாவோட கஜானா சேத்துக்கு. எதுன்னு அதிகாரி ஐயாவே முடிவு பண்ணட்டும்” என்றாள் பெரியநாச்சி. பிறகு கையை நீட்டினாள். பாய் விரித்த படகுகள் வலையோடு கரை திரும்பிக்கொண்டிருந்தன. அறுத்துப் பரப்பிய கோரை காற்றில் உலர்ந்து சலசலத்தது. காற்று தள்ளிய கடல் தண்ணீர் வாய்க்காலில் ஏற, அதன்மேல் நாரைகள் சிறகை அசைக்காமல் மிதந்து வந்தன. “இதுல எது வீண் காத்து? காட்டுங்க. அதை மட்டும் எடுத்துக்கங்க.”

அரசனின் பார்வை படகிலிருந்து கோரைக்கும், கோரையிலிருந்து நாரைக்கும் போனது.

“இந்த மக்கள் சம்மதம் இல்லாமல் கழுவெளியில் இனி ஒரு குச்சியும் நடக் கூடாது. நட்ட கழிகளை நீயே சேற்றில் இறங்கிப் பிடுங்கு” என்றான் அதிகாரியிடம். பிறகு திரும்பினான். “பெரியநாச்சி, கேள். என்ன வேண்டும்? பொன்னா, நிலமா?”

“ஒண்ணும் குடுக்க வேணாம் ராசா. எங்ககிட்ட இருக்கு.”

அவையில் வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அரசன் சிரித்தான். அவனுக்கே அந்தச் சிரிப்பு புதிதாக இருந்தது.

அரசனைத் திருப்பி அழைத்துப் போகும் படகு கரையை ஒட்டி வந்து நின்றது. அரசன் குனிந்து, செருப்பைக் கழற்றித் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு, சேற்றில் இறங்கி நடந்தான்.