தண்ணீருக்கு முன்னால் வரவேற்புரை

மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். அங்கே பரிமளா குரு, வெள்ளைச்சாமி சீடர். சீடர் குருவைவிடப் பத்து வயது மூத்தவர், வங்கி வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அதனால் குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவை டீச்சர் என்பார். யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

வெள்ளைச்சாமி முதன்முதலாகச் செய்த செயலி, ரத்தம் கொடுப்பவர்களின் போன் நம்பரைக் காட்டுவது. ஆசை ஆசையாகச் செய்திருந்தார். திறந்ததும் கோபுரம் வரும். அப்புறம் தாமரை விரியும். அப்புறம் 'வருக வருக' என்று கைகூப்பியபடி, செயலிக்குப் பணம் கொடுத்த உபயதாரர்கள் வரிசையாக வருவார்கள். கல்யாண ஃபிளெக்ஸ் பேனரே தோற்றுப்போகும். இத்தனையும் வந்து சேர்ந்த பிறகுதான் நம்பர் தெரியும்.

ஒருநாள் ஒருவர் வெள்ளைச்சாமிக்குப் போன் செய்தார். பிரசவத்தில் மனைவிக்கு ரத்தம் தேவைப்பட்டதாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று செயலியைத் திறந்திருக்கிறார். கடைசியில் யாரோ முன்பின் தெரியாதவர் ரத்தம் கொடுத்து அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

போனில் அவர் திட்டவில்லை. "தாமரை முழுசா விரியிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேங்க. அப்புறம் வட்டம் சுத்த ஆரம்பிச்சுச்சு. வெளிய ஓடிப்போய் சத்தம் போட்டு ஆள் கேட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

திட்டியிருந்தால் வெள்ளைச்சாமிக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது பரிமளாவிடம் போன் வந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டார். "படத்தையெல்லாம் சுருக்கிட்டேன் டீச்சர். காத்திருக்கிற நேரம் பாதியாயிருச்சு. இன்னும் எப்படிக் குறைக்கிறது?"

"எதை எடுத்தீங்க?"

"எதையும் எடுக்கல. சின்னதாக்கியிருக்கேன்."

"எடுத்தா என்ன?"

"உபயதாரர் படத்தையா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர்? வந்தவங்கள வாங்கன்னு கூடச் சொல்லாம..."

பேசிக்கொண்டே மோர்மிளகாயைக் கடித்தார். புரையேறிவிட்டது. கண்ணில் நீர் முட்ட, தண்ணீருக்குக் கையை நீட்டினார்.

"யாரோ நினைக்கிறாங்கண்ணே" என்றபடி பரிமளா டம்ளரை எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை. எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெருமதிப்பிற்குரிய வெள்ளைச்சாமி அவர்களே! தண்ணீர் கேன் போட்டுச் சிறப்பித்த தம்பி அவர்களே! இந்த டம்ளரை உபயமாக வழங்கிய பாத்திரக்கடை அதிபர் அவர்களே! இந்தப் பொன்னான வேளையிலே..."

"தண்ணி..."

"இருங்கண்ணே. சுருக்கித்தான் பேசுறேன்."

வெள்ளைச்சாமி எழுந்து டம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடித்தார். இருமல் அடங்க நேரமானது. பரிமளாவுக்கே பாவமாகிவிட்டது. அவருடைய உச்சந்தலையில் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே. ரொம்ப எரிஞ்சுருச்சா?"

வெள்ளைச்சாமி கையைக் கழுவிவிட்டுப் போய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். போனைக் கொண்டுவந்து நீட்டினார். தொட்டதும் நம்பர்கள் தெரிந்தன. கோபுரமும் இல்லை, தாமரையும் இல்லை. கைகூப்பியவர்கள் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தார்கள். வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பரிமளா தன்னுடைய பழைய போனை எடுத்துக்கொண்டு, டவர் சரியாகக் கிடைக்காத மாடிப்படிக்கு அடியில் நின்று திறந்து பார்த்தார். அங்கேயும் சட்டென்று வந்தது.

"போதும்ண்ணே. நல்லாயிருக்கு" என்றார்.

வெள்ளைச்சாமியின் முகம் தெளியவில்லை. "உபயதாரர்கிட்ட நான் பேசிக்கிறேன், கோவிச்சாலும் பரவாயில்ல. ஆனா ஒண்ணு டீச்சர். நான் செஞ்ச முதல் செயலி இது. வந்தாங்க, நம்பரை எடுத்தாங்க, போயிட்டாங்கன்னா, யாரு செஞ்சதுன்னே ஒருத்தருக்கும் தெரியாதே. என் பேரு..."

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பரிமளா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"அந்த நேரத்துல அவங்க வாயில ஒரே ஒரு பேருதான் இருக்கும்ண்ணே. உள்ள படுத்திருக்கிறவங்க பேரு. அதைச் சொல்லிக் கூப்பிடுறப்ப அவங்க கண்ணு முழிச்சுப் பாத்தாப் போதாதா?"